கல்லில் பூத்த உயிர்



விடுமுறை நாளில் தோட்டத்து லோரியில் ஏறி, தஞ்சோங் பிடாரா கடற்கரைக்குச் சென்றவர்கள் நம்மில் பலர் இருப்போம். நீர் வற்றிய நேரத்தில் பாறைமேல் நடந்தால், காலைக் கிழிக்கும் சிறுசிறு கூம்புகள் ஒட்டியிருக்கும். "இது கல்லா, செடியா, பூச்சியா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "ஏதோ பாசி" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். இதே கேள்விக்கு விடை காண அறிஞர்களுக்கும் நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

நவமணிகளில் ஒன்று பவளம். அதைப் 'பவளக்கொடி' என்றே நம் முன்னோர் அழைத்தனர். 1934இல் தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த படத்தின் பெயரும் அதுதான். கொடி என்றால் செடியினம் அல்லவா? ஐரோப்பியரும் அப்படித்தான் எண்ணினர். 1706இல் மார்சிலி என்ற இத்தாலிய அறிஞர், புதிதாக எடுத்த பவளத்தைக் கடல்நீரில் இட்டுவைத்தார். அதில் வெண்ணிறப் பூக்கள் விரியக் கண்டார். "பூக்கிறதே, ஆகவே செடிதான்" என்று முடிவு கட்டினார். உலகமும் ஒப்புக்கொண்டது.

ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. அவர் மார்சேய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல். 1720களில் வட ஆப்பிரிக்கக் கடலோரத்தில் அவர் பவளத்தைப் பொறுமையாகக் கவனித்தார். தொட்டால் அந்தப் 'பூக்கள்' சுருங்கின. விட்டுவிட்டால் மீண்டும் விரிந்தன. "இவை பூக்கள் அல்ல, சிற்றுயிர்கள்" என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அங்கிருந்த பெரிய அறிஞர் ரேயோமூர் அதை நம்பவில்லை. 1727இல் கழகத்தில் அதைப்பற்றிப் பேசியபோது, நகைப்புக்கு ஆளாவாரே என்று பெய்சொனெலின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை.

காலம் மாறியது. 1740இல் டிரெம்ப்ளே என்பவர் குளத்து நீரில் ஓர் உயிரைக் கண்டார். பார்வைக்குச் செடி, ஆனால் இரை பிடித்து உண்டது! அதன்பின் 1742இல் ரேயோமூர் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பெய்சொனெலோ அப்போது தொலைவிலுள்ள குவாதலூப் தீவில் மருத்துவராக இருந்தார்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. வெப்பக் கடற்பாறைகளில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பூச்சு ஒன்று படர்ந்திருக்கும். 1755இல் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் அந்த இனத்தை விலங்கு என்றார். உண்மையில் அது பாசியினம். 1837இல் பிலிப்பி என்ற ஜெர்மானியர் இதை விளக்கினார். காலைக் கிழிக்கும் கூம்புக்குக் கொட்டலசு என்று பெயர். அதைச் சிப்பி இனம் என்றே எண்ணியிருந்தனர். அதன் குஞ்சுகள் நீந்தி வளர்வதைப் பார்த்த தாம்சன் என்ற இராணுவ மருத்துவர், அது இறால், நண்டுகளின் உறவு என்று 1830இல் அறிவித்தார்.

பவளப்பாறையை நம் லயத்து வீடுகளுக்கு ஒப்பிடலாம். ஒவ்வோர் அறையிலும் ஒரு சிற்றுயிர். தன் உடலிலிருந்து சுரக்கும் சுண்ணாம்பால் அதுவே சுவர் எழுப்புகிறது. அதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு செய்து கொடுக்கின்றன. கடல் மிகவும் சூடானால் பாசிகள் வெளியேறும், பவளம் வெளுக்கும். வெப்பம் தணியாவிட்டால் மடியும்.

கல்லென்று நினைத்தால் வெட்டத் தோன்றும். தமிழகத்தில் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டினர். அங்கே பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. பாறையை வெட்டியது முக்கியக் காரணம் என்கின்றனர் ஆய்வாளர். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. மலேசியாவிலும் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், கடல் பூங்காக்களில் பவளத்தை உடைப்பதைத் தடுக்கிறது. மலாக்கா மாநிலத்துக்குரிய தஞ்சோங் துவான் முனையை ஒட்டியும் பவளம் வாழ்கிறது.

ஆகவே நேயர்களே, கண்ணாடித் தொட்டியில் வைக்கலாமே என்று கடற்கல்லைப் பெயர்த்து வர வேண்டாம். இருந்த இடத்திலேயே, நீருக்குள் வைத்தே, சற்று நேரம் அசையாமல் பாருங்கள். பெய்சொனெலும் பொறுமையாகக் கவனித்துத்தான் உண்மையைக் கண்டார். அடுத்த முறை பிள்ளைகள் கேட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுவோம்.