கோபுரம் குறுகுவது எதனால்? பழைய அகலக்கோண லென்ஸும் திருப்பதி வட்டார ஒளிப்படங்களும்

திருப்பதி நகரின் நடுவே நிற்கும் கோவிந்தராஜ சுவாமி கோயிலின் ஏழு நிலை ராஜகோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுடையது. அதை ஒரே படத்தில் அடக்க முனைபவர் முதலில் சந்திப்பது இடச்சிக்கலே. முழுச்சட்டக டிஜிட்டல் கேமராவை நெடுவாக்கில் வைத்து, சற்றும் மேல்நோக்கிச் சாய்க்காமல் 50 மி.மீ. லென்ஸால் எடுத்தால், கலசம் படத்துக்குள் வர ஏறத்தாழ 135 மீட்டர் பின்வாங்க வேண்டும். கடைகள் நெருங்கிய தெருவில் அது எளிதன்று. 21 மி.மீ. லென்ஸுக்கு 57 மீட்டர் போதும்.

பின்வாங்க இயலாதவர் கேமராவைச் சாய்ப்பார். சாய்த்ததும் செங்குத்துக் கோடுகள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கும். கோபுரமோ இயல்பிலேயே நிலைக்கு நிலை குறுகுவது. சாய்ந்த கேமரா அக்குறுக்கத்தை மிகைப்படுத்தும். நிலைகளின் விகிதத்தைக் கொண்டு பாணியையும் காலத்தையும் பேசும் ஆய்வுக்கு இது சிறிய பிழை அன்று. சிற்பி வகுத்த குறுக்கம் எவ்வளவு, கேமரா சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்காமல் பழைய படத்தின்மேல் அளவுகோல் வைப்பதில் பயனில்லை.

19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படக்காரர்கள் இதை அறிந்தே இருந்தனர். அவர்களது பெட்டிக் கேமராவில் லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். தட்டு செங்குத்தாகவே நிற்கும். ஆனால் அதற்கு லென்ஸ் தட்டைவிடப் பெரிய பிம்பவட்டத்தை வீச வேண்டும். 1862இல் காப்புரிமை பெற்ற ஹாரிசனின் ‘குளோப்’, 1866இல் வந்த டால்மேயரின் நேர்கோட்டு அகலக்கோண லென்ஸ், 1900இல் கோயர்ஸ் நிறுவனத்தின் ‘ஹைபர்கான்’ ஆகியன இத்தேவையின் வழியில் வந்தவை. ஹைபர்கானில் நடுப்பகுதி மிகையாக ஒளி பெறாதிருக்க, லென்ஸின் முன்னே நட்சத்திர வடிவத் தகடு ஒன்றைக் காற்றூதிச் சுழற்றினார்கள். இவ்வசதிகள் வருமுன்னரே, 1858இல், லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரியகோயில் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அகலக் கோணம் இல்லாத குறையைப் பொறுமை ஈடுசெய்தது.

இத்தகைய தட்டுக்கால லென்ஸை இன்றைய கேமராவில் பொருத்தினால் அது அகலக்கோண லென்ஸாகவே இராது. பெரிய பிம்பவட்டத்தின் நடுத்துண்டு மட்டுமே 36×24 மி.மீ. சென்சாரில் விழும். அந்தக் காலப் பார்வையை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்வோர் மீட்பது அதன் ஒரு மூலையைத்தான்.

பிலிம் காலத்துச் சிறு லென்ஸ்களின் கதை வேறு. 1950இல் வந்த ஆஞ்செனியூவின் ‘ரெட்ரோஃபோகஸ்’, கேமராவின் உள்ளே அசையும் கண்ணாடிக்கு இடம்விட்டுத் தள்ளி நின்றது. 1954இல் வந்த 21 மி.மீ. ‘பயோகான்’ லென்ஸின் பின்கண்ணாடியோ பிலிமை ஏறக்குறைய தொட்டது. பிலிம் எவ்வளவு சாய்வாக வரும் ஒளியையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சென்சார் அப்படியன்று. அதன்மேல் பல கேமராக்களில் ஏறத்தாழ 2 மி.மீ. கனமுள்ள கண்ணாடி அடுக்கு உண்டு. ஒவ்வொரு படப்புள்ளியின் மேலும் நுண்வில்லை உண்டு. ஓரங்களில் மிகச் சாய்ந்து விழும் ஒளி அங்கே சிதறும்; மூலைகள் மங்கும்; செந்நீலச் சாயல் படியும். ஆகவே பயோகான் வகை லென்ஸ் காட்டும் மங்கிய மூலையைப் ‘பழமையின் அழகு’ என்று வியப்பது பிழை. 1954இல் அந்த மூலை அப்படி இருக்கவில்லை. ரெட்ரோஃபோகஸ் வகையில் இத்தொல்லை மிகக் குறைவு.

சோதனைக்கு ஏற்ற இடம் சந்திரகிரி. மூன்று தளங்கள் கொண்ட ராஜமஹாலின் முன்னே வெளி தாராளம். தொலைவில் நின்று சாதாரண லென்ஸாலும், அருகே வந்து பழைய அகலக்கோண லென்ஸாலும், இரு முறையும் கேமராவை மட்டமாக வைத்து எடுத்துத் தளங்களின் உயர விகிதத்தை ஒப்பிட்டால் லென்ஸின் பங்கு தெரியும். பிறகே திருப்பதித் தெருவுக்குப் போகலாம். பழைய படங்களைத் தேடுவோர்க்கு ஒரு குறிப்பு: 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இவ்வூர்கள் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை, பட்டியல்களில் அந்தப் பெயரின் கீழும் பார்க்க வேண்டும்.

குடிமல்லத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தூங்கானை மாடக் கருவறையினுள், ஏறத்தாழ 5 அடி உயர லிங்கத்தின் முகப்பில் யக்ஷன்மேல் நிற்கும் சிவனின் உருவம் உள்ளது. டி. ஏ. கோபிநாத ராவ் 1911இல் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது இது. அந்தச் சிற்றறையில் நெருங்கி, மேலிருந்து எடுத்தால் தலை பெருத்தும் கால்கள் குறுகியும் தோன்றும். இதற்குக் காரணம் லென்ஸ் அன்று, தொலைவு. அகலக்கோணம் அவ்வளவு நெருங்கி நிற்க இடமளிக்கிறது, அவ்வளவே. அவ்வுருவத்தின் உடல் விகிதத்தைச் சாஞ்சி, பார்ஹுத் யக்ஷ உருவங்களோடு ஒப்பிட்டு எழுதுவோர், தாம் அளப்பது எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்த படம் என்பதையும் எழுத வேண்டும்.