சென்மதி நிலுவையில் அம்மா

1994-இல் அம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. மட்டக்களப்பில் அம்மம்மாதான் என்னை வளர்த்தார். அம்மா அனுப்பிய காசில் முதலில் அடைந்தது ஏஜென்சிக்காக வாங்கிய வட்டிக் கடன். பிறகு அடகிலிருந்த தாலிக்கொடி மீண்டது. அதன் பிறகுதான் கல்வீடு எழும்பியது. எங்கள் பக்க வழக்கப்படி அது எனக்குச் சீதனமானது. ஊரில் இன்றும் அப்பாவைத்தான் ‘மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த மனுசன்’ என்பார்கள்.

நாட்டின் பொருளாதார வரலாற்றையும் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 1977-இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி பெருகியது, டொலர் தேவைப்பட்டது. வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் புரண்டது. 1985-இல் சட்டம் இயற்றி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தார்கள். 1990களின் நடுப்பகுதியில் வேலைக்கென நாட்டை விட்டுப் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். மத்திய வங்கி அறிக்கையில் அவர்களுடைய உழைப்பு ‘தொழிலாளர் பணவனுப்பல்கள்’ என்ற ஒற்றை வரி. அந்த வரியில் ஆண், பெண் தெரியாது.

இந்தக் காசு தொழிற்சாலை கட்டவில்லை, சாப்பாட்டிலும் சீமெந்திலும் கரைந்தது, வளர்ச்சிக்கு உதவவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. என் ரியூசன் காசும் அம்மம்மாவின் மருந்தும் அவர்கள் கணக்கில் வெறும் நுகர்வு. ஆனால் பெற்றோலுக்கும் கோதுமைமாவுக்கும் நாடு கொடுத்த டொலரில் பெரும்பங்கு இந்தப் பெண்களுடையது. அந்த டொலரைக் கொண்டு ஏற்றுமதியை வளர்க்காமல் இறக்குமதியிலேயே காலத்தை ஓட்டியவர்கள் அவர்கள் அல்லர்.

அரசு அவர்களுக்கு என்ன கொடுத்தது? மூதூரிலிருந்து 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்குப் போன ரிசானா நபீக்கின் தலை 2013 ஜனவரி 9-இல் வெட்டப்பட்டது. அதே ஆண்டு ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று அப்போது விதித்தார்கள். தகப்பனிடம் எவரும் அறிக்கை கேட்கவில்லை.

பிறகு டொலர் வற்றியது. அரசு ஒரு டொலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்து வைத்திருக்க, உண்டியல்காரர் கூடக் கொடுத்தார்கள். 2020-இல் வங்கி வழியாக 7.1 பில்லியன் டொலர் வந்தது. 2022-இல் அது 3.8 பில்லியன். அந்த ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாதென அறிவித்தது. வெளிநாட்டில் இருப்போரே, காசு அனுப்புங்கள் என்று கேட்டது. ஜூனில், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் ஆகக்குறைந்த வயதை 21 ஆக்கியது. தாய்மை பற்றிய கவலையும் தளர்ந்தது.

அம்மாவுக்கு ஓய்வூதியம் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. பதினோரு வருடம் மாபிள் தரை துடைத்த முழங்கால்கள்தான் மிச்சம். அந்த வேண்டுகோளைத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இப்பதான் எங்கட ஞாபகம் வந்திருக்கு.”

வீட்டு உறுதியில் என் பெயர் இருக்கிறது. வாசல் சுவரில் அம்மாவின் பெயரைப் பதிக்கச் சொல்லியிருக்கிறேன்.