கூட்டு மரவேலைப் பொறி

கூட்டு மரவேலைப் பொறி என்பது அறுத்தல், இழைத்தல், துளையிடல் முதலியவற்றை ஒரே சட்டகத்தில் செய்யும் பொறி ஆகும். வீட்டுப் பட்டறைக்கான ஷாப்ஸ்மித் 1947 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரைகளில் பழைய பொறியின் வார்ப்பிரும்பு மேசை விரைவில் துருப்பிடிக்கும். காற்றில் வந்து படியும் உப்பு ஈரத்தை ஈர்ப்பதே காரணம். மரத்தூளைத் துடைத்து மெழுகு பூசுதல் நன்று.

ஆனால் துருவினும் முதலில் கவனிக்க வேண்டியது ஆளியே. சாதாரண ஆளி அணைக்கப்படாதிருப்பின், மின்வெட்டு நீங்கியதும் பொறி தானாகவே ஓடத் தொடங்கும். அவ்வேளையில் அலகைத் துடைப்பவர் விரல்களை இழக்கலாம். மின்சாரம் நின்றதும் விடுபட்டு, மீண்டும் அழுத்தினால் மட்டுமே இயங்கும் ஆளியைப் பொருத்துவது செலவு குறைந்த மேம்பாடாகும். சதுர வெட்டுருளை இருப்பின் வட்ட உருளையாக மாற்ற வேண்டும். சதுர உருளையின் தட்டையான பக்கங்களுக்கும் மேசை விளிம்புக்கும் இடையே விரல் ஆழமாக நுழைந்துவிடும்.