கட்டியவனும் காத்தவனும்

புதுக்கோட்டையை அடுத்த நார்த்தாமலையில், மேலமலைக் கோயிலுக்கு ஒரு நாள் தன்னந்தனியாக நடந்தேன். மொட்டைப் பாறையில் ஏறினால், மேற்கு நோக்கிய கற்றளி. சதுர விமானத்துக்குள்ளே வட்டமான கருவறை. பெயர் விஜயாலய சோழீச்சுரம்.

விஜயாலயன் யார்? 850-ஐ ஒட்டி, முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பறித்தவன் என்பார்கள். ஆனால் அங்குள்ள கல்வெட்டோ, கோயிலைக் கட்டியவன் சாத்தன் பூதி என்கிறது. அவன் முத்தரையர் தலைவன்! ஊரைத்தான் பறிகொடுத்தார்கள் என்றால், கோயிலின் பெயருமா?

இந்தச் செய்தி நமக்குக் கிடைத்ததே மல்லன் விடுமன் என்பவனால்தான். மழையில் இடிந்த கோயிலை அவன் புதுப்பித்தான். தன் பெயரை மட்டும் வெட்டிக்கொண்டு போயிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? கட்டியவன் பெயரையும் சேர்த்தே வெட்டி வைத்தான்.

கோயில் அரசன் பெயரிலேயே இருக்கட்டும், வாசகரே. அந்த நேர்மைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நான் இறங்கினேன்.