சிவப்பு விளக்கு அணையாதபோது

மோரிஸ் மைனர் காரின் ஸ்பீடோமீட்டர் முகத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். என்ஜின் ஓடத் தொடங்கி ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்ததும் அணைந்துவிடும். அணையாமல் முறைத்துக்கொண்டே இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.

இந்தக் கவலை முதல் கார்களுக்கு இருந்ததில்லை. கைப்பிடியைச் சுழற்றி என்ஜினைக் கிளப்பினார்கள், கார்பைடு விளக்கு வெளிச்சத்தில் ஓட்டினார்கள். 1912 காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்திய பிறகு நிலைமை மாறியது. ஸ்டார்ட்டருக்குப் பேட்டரி வேண்டும், பேட்டரியை நிரப்ப டைனமோ வேண்டும்.

டைனமோவுக்கோ கட்டுப்பாடு தெரியாது. வேகம் கூடினால் வோல்ட்டேஜும் கூடும். 1928 ஃபோர்டு மாடல் ஏ காரில் இதற்கு மூன்றாவது கார்பன் பிரஷ் ஒன்றை வைத்தார்கள். அதை நகர்த்தினால் சார்ஜ் கூடும், குறையும். குளிர்காலத்தில் ஏற்றியும் கோடையில் இறக்கியும் வைப்பது ஓட்டுநர் பொறுப்பு. மறந்தால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

அடுத்த தலைமுறையில் அந்த வேலையை ஒரு கறுப்புப் பெட்டி எடுத்துக்கொண்டது. மைனரில் இருந்தது பர்மிங்ஹாம் லூகாஸ் நிறுவனத்தின் ஆர்பி106. உள்ளே இரண்டு காயில்கள்: ஒன்று ரெகுலேட்டர், மற்றது கட்-அவுட். கட்-அவுட் என்றதும் தமிழருக்குத் தியேட்டர் வாசலில் நாற்பது அடிக்கு நிற்கும் கதாநாயகன்தான் நினைவுக்கு வருவார். இந்தக் கட்-அவுட் விரல் நீளம்கூட இராது. டைனமோ சுமார் 13 வோல்ட்டைத் தொட்டதும் ‘டக்’ என்று மூடி இணைப்புத் தரும். என்ஜின் நின்றால் திறந்துகொள்ளும். திறக்காமல் ஒட்டிக்கொண்டால், பேட்டரி மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாய்ந்து வீணாகும்.

கோளாறைக் கண்டுபிடிக்க ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரு வோல்ட்மீட்டரும் துண்டு வயரும் போதும். முதலில் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அரை அங்குலம்போல் அமிழ வேண்டும். பிறகு டைனமோவின் டி, எஃப் முனைகளிலிருந்து வயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் துண்டு வயரால் சேர்ப்பார். மீட்டரின் ஒரு காலை அங்கேயும் மற்றதை வண்டியின் வெற்று இரும்பிலும் வைத்து என்ஜினை மெல்ல முடுக்குவார். முள் தயங்காமல் ஏறினால் டைனமோமீது குற்றமில்லை, பெட்டியையோ வயரையோ பார்க்க வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்டவிடக் கூடாது என்பது மட்டும் எச்சரிக்கை. முள் அசையவே இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயில். நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர். அதைத் தூக்கிக்கொண்டு வைண்டிங் கடைக்குப் போக வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் வராத டைனமோக்களும் உண்டு. டைனமோவின் இரும்பில் மிச்சமிருக்கும் சிறு காந்தத்திலிருந்துதான் மின்சாரம் முளைக்கிறது. 1867இல் சீமென்ஸும் வீட்ஸ்டனும் தனித்தனியே அறிவித்த தத்துவம் இது. நெடுநாள் சும்மா கிடந்தால் அந்தக் காந்தம் செத்துவிடும். எஃப் முனையில் பேட்டரியிலிருந்து ஒரு வயரைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டெடுத்தால், சிறு தீப்பொறியோடு உயிர் வந்துவிடும். மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் தொட்டால் காந்தம் தலைகீழாகும்.

1960இல் கிரைஸ்லரின் வேலியன்ட் கார், டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்நேட்டரோடு வந்தது. டைனமோவின் பெருங்குறை, சிக்னலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராதது. ஆல்டர்நேட்டர் அப்போதும் சார்ஜ் தந்தது. லூகாஸும் டிவிஎஸ்ஸும் கூட்டாகச் சென்னை பாடியில் வாகன மின்கருவித் தொழிற்சாலையைத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். டைனமோவின் காலம் அப்போதே சாயத் தொடங்கியிருந்தது.

இப்போது டைனமோ உருவத்திலேயே ஆல்டர்நேட்டர் செய்து விற்கிறார்கள். அதைப் பொருத்திய மைனரிலும் பழைய பெட்டி இடம் மாறாமல் இருக்கும். மூடியைத் திறந்தால் கட்-அவுட்டுக்கு வேலையில்லை. இரண்டு வயர்களை நேராக முடிச்சுப் போட்டிருப்பார்கள்.