ஒரே படகு, இரண்டு துறைகள்

நார்வேயின் மேற்குக் கரையில் கெய்ராங்கரும் ஹெல்லெசில்ட்டும் ஒரே நீரின் இரு கிளைகளில், மலையடிவாரத்தில் ஒடுங்கிய சிற்றூர்கள். கோடையில் கார்களையும் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி ஒன்று இரண்டையும் இணைக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். ஏறக்குறைய எல்லோரும் கெய்ராங்கரைப் பார்க்கவே அதில் ஏறுகிறார்கள்.

கெய்ராங்கரின் புகழ் நியாயமானதுதான். 15 கிலோமீட்டர் நீளும் அதன் ஃபியோர்டு (மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நுழையும் குறுகிய கடற்கிளை) 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 'ஏழு சகோதரிகள்' அருவி செங்குத்துப் பாறையிலிருந்து நேராக நீரில் விழுகிறது. ஆனால், சுமார் 250 பேர் வாழும் ஊரில் கோடை நாளொன்றில் சொகுசுக் கப்பல்கள் ஆயிரக்கணக்கானோரை இறக்கிவிடுகின்றன. துறையை ஒட்டிய இடமெல்லாம் அவர்களுக்கே ஆகிவிடுகிறது. ஊரை ஊராகப் பார்க்க முடிவதில்லை.

ஹெல்லெசில்ட்டில் அருவி ஊருக்கு நடுவிலேயே பாய்கிறது. ஸ்ட்ராண்டாவிலிருந்து ஸ்ட்ரின் நோக்கிச் செல்லும் 60-ஆம் எண் சாலை இதன் வழியே போகிறது. அதனால் குளிர்காலத்தில் ஃபெர்ரி நின்ற பிறகும் இது வழியில் உள்ள ஊராகவே இருக்கிறது. இங்கே இறங்குவோர் பெரும்பாலும் நிற்பதில்லை. எனக்கு அதுவே இதன் சிறப்பாகப் படுகிறது.

அழகில் வேறுபடும் இவ்விரு ஊர்களுக்கும் ஆபத்து ஒன்றே. இரண்டுக்கும் இடையில், சுன்னில்வ்ஸ் ஃபியோர்டின் மேலே, ஓகெர்னெஸ் மலைச்சரிவு பிளந்து மெல்ல நகர்கிறது. அது சரிந்தால் எழும் பேரலை முதலில் ஹெல்லெசில்ட்டையும், சில நிமிடங்களில் கெய்ராங்கரையும் தாக்கும். வெறும் கற்பனை அச்சமல்ல இது: 1934-இல் அருகிலுள்ள டாஃப்யோர்டில் இப்படிச் சரிந்த பாறை எழுப்பிய அலையில் 40 பேர் இறந்தனர். கெய்ராங்கர் ஃபியோர்டின் பாறை விளிம்பிலிருந்த க்னிவ்ஸ்ஃப்ளோ பண்ணையைப் பாறைச்சரிவுக்கு அஞ்சி 1898-லேயே கைவிட்டார்கள். இன்று ஓகெர்னெஸ்ஸின் அசைவை இரவும் பகலும் கருவிகள் அளக்கின்றன. அந்தக் கண்காணிப்பை நம்பித்தான் இரு ஊர்களும் உறங்குகின்றன.

மலையையும் அருவியையும் பார்க்கக் கெய்ராங்கருக்குக் கட்டாயம் போக வேண்டும். ஃபியோர்டுக் கரை மனிதர்களின் வாழ்க்கையையும் அறிய விரும்பினால், இரவு ஹெல்லெசில்ட்டில் தங்குங்கள். மறுநாள் அங்கிருந்து ஃபெர்ரியில் ஏறுங்கள்.