ஃபின்ச் குருவிகளுக்கு முளைப்பயிரும் இயற்கை மண்ணும்: கொடுக்கும் முறை, தவிர்க்க வேண்டியவை

கதிர்காமம் போன்ற புதுச்சேரி நகர்ப்பகுதிகளில் மொட்டை மாடியிலும் வீட்டு வாசலிலும் கூண்டு வைத்து ஃபின்ச் குருவி வளர்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் கடையில் வாங்கும் உலர்ந்த தினைதான் இந்தக் குருவிகளுக்கு ஆண்டு முழுவதும் தீவனம். வயிறு நிறையும், ஆனால் உலர்தானியத்தில் வைட்டமின் ஏ சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. இந்தக் குறையைப் போக்க விலை உயர்ந்த டானிக் தேவையில்லை. முளைகட்டிய சிறுதானியம், தட்டில் வளர்த்த பசும்பயிர், சுத்தமான மண் ஆகியவை போதும். மூன்றும் விவசாயி வீட்டில் கிடைப்பவை. ஆனால் விதையும் மண்ணும் எங்கிருந்து வந்தன என்று பார்க்காமல் கொடுத்தால் இதே பொருள்கள் குருவியைக் கொன்றுவிடும்.

எந்தக் குருவிகளை வளர்க்கலாம்?

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபின்ச், கோல்டியன் ஃபின்ச், பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே வளர்ந்துவரும் பெங்காலிஸ் ஃபின்ச் ஆகியவை பொதுவாக வளர்க்கப்படுகின்றன. பெங்காலிஸ் ஃபின்ச், வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் வளர்ப்புப் பறவையாக உருவாக்கப்பட்டது.

நம் வயல்களில் கூட்டமாக வந்து நெல்லும் தினையும் கொத்தும் சில்லைகளைப் பிடிக்கவோ, விற்கவோ, கூண்டில் வைக்கவோ கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்ட பறவைகள். ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான் என்றாலும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. அதை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டுமா என்பதை வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முளைப்பயிர் ஏன்?

ஃபின்ச் புல்வெளிப் பறவை. ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் மழை பெய்து புல் முளைத்து, விதை பால் பிடிக்கும் காலத்தில்தான் ஜீப்ரா ஃபின்ச் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுக்கு ஊட்டுவதும் அந்த இளம் விதையைத்தான்.

தானியம் முளைக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்து எளிதில் செரிக்கும் சர்க்கரையாக மாறத் தொடங்குகிறது. மேல் தோல் இளகுவதால் குஞ்சுக்கு ஊட்டவும் எளிது. முளை பச்சை பிடித்து இலையானதும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் சத்தும் சேர்கிறது.

விதை தேர்வு: முதல் எச்சரிக்கை

தினை, பனிவரகு, சாமை, குதிரைவாலி ஆகியவை ஃபின்ச் அலகுக்கு ஏற்றவை. கம்பு சற்றுப் பெரியது, முளைகட்டினால் தின்னும். தோல் நீக்கிய அரிசி முளைக்காது என்பதால், தோலுடன் கூடிய முழுத் தானியமே வேண்டும்.

விதைப்புக்காக வாங்கிய விதையில் மீதி இருந்தால் அதைக் குருவிக்குப் போடக் கூடாது. கார்பெண்டாசிம், திராம், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளால் விதைநேர்த்தி செய்யப்பட்ட விதை நஞ்சு. சிவப்பு, நீலம், பச்சைச் சாயம் பூசியிருந்தால் உடனே தெரியும். சாயம் இல்லாமலும் மருந்து இருக்கலாம். கழுவினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். ஒரு ஜீப்ரா ஃபின்ச்சின் எடை ஏறத்தாழ 12 கிராம்தான். கோழி தாங்கும் அளவு மருந்தை இது தாங்காது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டுச் சேமித்த தானியத்தையும் தவிர்க்க வேண்டும்.

சோளம் முளைகட்டிக் கொடுக்க வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சாய்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சோள முளையிலும் இளந்தளிரிலும் உள்ள சயனைடு நச்சுதான் அதற்குக் காரணம். மாட்டையே சாய்க்கும் பயிரைக் குருவிக் கூண்டுக்குள் வைக்கக் கூடாது.

முளைகட்டும் முறை

1. ஒரு ஜோடிக்கு ஒரு தேக்கரண்டி தானியம் போதும். மூன்று, நான்கு முறை அலசி, மிதக்கும் பதரை நீக்கவும்.
2. குடிக்கத் தகுந்த தண்ணீரில் 8 முதல் 10 மணி நேரம் ஊறவைக்கவும். வெயில் காலத்தில் இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றவும்.
3. தண்ணீரை முழுவதும் வடித்து, வெந்நீரில் அலசிய மெல்லிய துணியிலோ வடிகட்டியிலோ பரப்பவும். இறுக்கி மூட்டை கட்டினால் நடுவில் சூடேறி அழுகும்.
4. காலை, மதியம், இரவு என மூன்று முறை அலசி வடிக்கவும்.
5. ஒன்று முதல் இரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதுவே கொடுக்க ஏற்ற பருவம்.
6. கொடுக்கும் முன் முகர்ந்து பார்க்கவும். பச்சைப் புல் வாசம் வந்தால் நல்லது. புளித்த வாடை, பிசுபிசுப்பு, நூல் போன்ற பூசணம் ஏதேனும் தெரிந்தால் முழுவதையும் எருக்குழியில் கொட்டிவிடவும்.

கடலோரமான புதுச்சேரியில் காற்றில் ஈரப்பதம் அதிகம். முளைதானியம் விரைவில் கெடும். காலை 7 மணிக்கு வைத்தால் 10 மணிக்குள் மீதியை எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் முளைகட்டுவதை நிறுத்தி, கழுவிய கீரை மட்டும் கொடுப்பது பாதுகாப்பானது.

தட்டில் பசும்பயிர்

முளையை மண்ணில் வளர்த்து, உயிர்ப்பயிராகவே கூண்டுக்குள் வைப்பது இன்னும் நல்லது. குருவி தளிரைக் கிள்ளும், வேரைக் கிளறும், மண்ணைக் கொத்தும். அலகுக்கும் காலுக்கும் நாள் முழுவதும் வேலை இருப்பதால், ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கும் பழக்கமும் குறையும்.

* அடியில் துளையுள்ள ஆழம் குறைந்த தட்டு நான்கு எடுத்துக்கொள்ளவும்.
* சுத்தப்படுத்திய செம்மண் 2 பங்கு, கழுவிய ஆற்று மணல் 1 பங்கு கலந்து 4 செ.மீ. உயரத்துக்கு நிரப்பவும். எரு, உரம் எதுவும் சேர்க்க வேண்டாம்.
* ஊறவைத்த தினையை நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண் போர்வை இட்டு, தெளிப்பான் கொண்டு நனைக்கவும். கூண்டுக்கு வெளியே, எலியும் சிட்டுக்குருவியும் வராதபடி வலை மூடி வளர்க்கவும்.
* 7 முதல் 10 நாளில் பயிர் விரல் நீளம் வளர்ந்ததும் கூண்டுக்குள் வைக்கவும். குருவி அமரும் குச்சிக்கு நேர் கீழே வைத்தால் எச்சம் விழும்; ஓரமாக வைக்கவும்.
* இரண்டு நாளுக்கு மேல் உள்ளே விட வேண்டாம். எடுத்த மண்ணைத் தோட்டத்துச் செடிக்குப் போடலாம். மறுபடி கூண்டுக்கு வேண்டாம்.

இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொரு தட்டாக விதைத்தால் வாரம் முழுவதும் பயிர் கிடைக்கும்.

எந்த மண் நல்லது?

நெல் வயல் மண் வேண்டாம். தண்டுத்துளைப்பானுக்கு இடும் குருணை மருந்து, பார்ப்பதற்குச் சிறுகல் போலவே இருக்கும். பறவைகள் கல் என்று நினைத்து அதைப் பொறுக்கித் தின்னும். அமெரிக்காவில் கார்போபியூரான் குருணையின் பயன்பாடு 1990-களில் பெரிதும் குறைக்கப்பட்டதற்கு, வயல்களில் பறவைகள் இப்படிச் செத்து விழுந்ததே காரணம். யூரியா, டிஏபி குருணைகளும் ஆபத்தானவையே.

கோழி மேயும் கொல்லை மண் வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் கிருமி, சால்மோனெல்லா, குடற்புழு முட்டைகள் அதில் இருக்கலாம். சாலையோர மண், சாக்கடை ஓர மண், பெயின்ட் உதிர்ந்த சுவர் ஓர மண் ஆகியவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கலாம். கடற்கரை மணலில் உப்பு உள்ளது. மக்கிய எரு, மண்புழு உரம், ஈரமான தென்னை நார்க்கழிவு ஆகியவை செடிக்கு நல்லவை. ஆனால் அவற்றில் வளரும் பூசண வித்துகள் குருவியின் நுரையீரலைத் தாக்கும்.

மருந்து தெளிக்காத, கோழி போகாத இடத்தில் மேல் மண்ணை ஒரு சாண் நீக்கிவிட்டு அடிமண்ணை எடுக்கவும். அதைச் சுத்தப்படுத்த இரண்டு வழிகள் உண்டு.

சட்டியில் வறுப்பது: லேசாக ஈரப்படுத்திய மண்ணைப் பழைய இரும்புச் சட்டியில், வீட்டுக்கு வெளியே, ஆவி வரும்படி 30 நிமிடம் கிளறிச் சூடாக்கவும். ஆறியதும் மூடிவைக்கவும்.

வெயிலில் மூட்டம்: சித்திரை, வைகாசியில் நனைத்த மண்ணை மெல்லியதாகப் பரப்பி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி 4 முதல் 6 வாரம் விடவும். நாற்றங்காலுக்குச் செய்யும் அதே முறைதான்.

சூடு கிருமியையும் புழு முட்டையையும் அழிக்கும். பூச்சிமருந்தையும் ஈயத்தையும் அழிக்காது. ஆகவே எடுக்கும் இடமே முக்கியம்.

சுண்ணாம்புச் சத்து

மண் மட்டும் போதாது. முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை வெளிவராமல் அடைத்து உயிர் போகும். புதுச்சேரிக் கடலோரத்தில் கிடைக்கும் கணவாய் ஓட்டை நன்னீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, உப்பு நீங்கியதும் காயவைத்துக் கூண்டில் கட்டவும். வேகவைத்துக் காயவைத்துப் பொடித்த கோழிமுட்டை ஓடும் கொடுக்கலாம்.

எவ்வளவு, எப்போது?

உலர்தானியமே அடிப்படைத் தீவனம். முளைதானியம் வாரம் மூன்று நாள் போதும். குஞ்சு இருக்கும்போது தினமும் புதிதாகக் கொடுக்கவும். குஞ்சு இல்லாத காலத்திலும் தினமும் கொடுத்தால் குருவி ஓயாமல் முட்டையிட்டுப் பெட்டை மெலிந்துவிடும். ஆண்டில் சில மாதம் ஓய்வு வேண்டும்.

கீரையில் முருங்கை, கொத்தமல்லி ஏற்றவை. பாலக், தண்டுக்கீரையில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் எப்போதாவது கொஞ்சம் மட்டும் தரலாம். வெங்காயம், பூண்டு, அவகாடோ, உப்பிட்ட பண்டம் எதுவும் கூடாது. களைக்கொல்லி தெளித்த வரப்பிலிருந்து புல் பறிக்கக் கூடாது.

முளைதானியத்துக்கு எறும்பு வரும். எறும்புப் பொடியோ சாக்பீஸோ வேண்டாம். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும்.

குருவி இறகை உப்பிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாலோ, எச்சம் தண்ணீராகப் போனாலோ முளைதானியத்தையும் மண் தட்டையும் உடனே எடுத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டவும். கதிர்காமம் பகுதியினருக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அருகில் உள்ளது. இவ்வளவு சிறிய பறவை காலையில் சோர்ந்தால் மாலை வரை தாங்காமல் போகலாம்; மறுநாள் பார்ப்போம் என்று விட வேண்டாம்.

விவசாயிக்கு ஒரு வாய்ப்பு

செல்லப் பறவைக் கடைகளில் 'மில்லட் ஸ்ப்ரே' என்று பொட்டலத்தில் விற்கும் கதிர், நம் தினைக்கதிர்தான். தினை ஏறத்தாழ 80 முதல் 90 நாளில் விளையும் பயிர். அதில் ஒரு பகுதியை அடிக்காமல் கதிராகவே அறுத்து, நிழலில் உலர்த்தி, நகரத்துக் கடைகளிலும் குருவி வளர்ப்பவர்களிடமும் விற்கலாம். பால் பிடித்த பச்சைக் கதிருக்கும் முளைத்த தட்டுக்கும்கூட வளர்ப்பவர்களிடம் விருப்பம் உண்டு.

முதலில் இரண்டு, மூன்று கடைகளில் கேட்டு, தேவை தெரிந்தபின் சில சென்ட் அளவில் தொடங்குவது நல்லது. ஒரே நிபந்தனை, அந்தப் பகுதியில் மருந்து தெளிக்கக் கூடாது, மருந்திட்ட வயலிலிருந்து தண்ணீர் பாயவும் கூடாது. விதை, சாகுபடி ஆலோசனைக்குக் குரும்பாபேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையத்தையும் அணுகலாம்.